சிலாபத்துப் பதிவும் பத்தாம் வகுப்பும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், ரொறன்ரோவிலிருந்து ஓர் ஊர்ப்பிள்ளை எழுதுவது.

க.பொ.த. சாதாரண தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்றொரு விருப்பப் பாடம் இருக்கிறது. ஊரில் யாரிடம் விசாரித்தாலும், "அது படிக்க ஏலாத பிள்ளைகள் எடுக்கிற பாடம்" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. இப்பாடம் மற்ற எவரையும்விட நமக்குத்தான் வேண்டும்.

2019 மே 12ஐ மறந்திருக்க மாட்டீர்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம். முஸ்லிம்களைக் கேலி செய்த முகநூல் பதிவொன்றுக்குச் சிலாபத்து வியாபாரி ஒருவர், அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழுவீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினார். அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை அதுவென்று ஊரில் பரவியது. பள்ளிவாசலிலும் கடைகளிலும் கல் விழுந்தது. ஊரடங்கு வந்தது. மறுநாள் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. இருந்தும் கலவரம் குருநாகல், கம்பஹா என்று பரவியது. நம் புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவரைக் கும்பல் கொன்றது.

தொடர்பாடல் அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல் 1948இல் எழுதிய சூத்திரத்தை இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறார்கள்: யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொன்னார்? அதை அந்தச் சிலாபத்து வரியின் ஸ்க்ரீன்ஷாட்டின்மேல் வைத்துப் பாருங்கள். எழுதியவரின் பெயரை மறைத்துவிடுங்கள். இந்த வரி எதற்கு மறுமொழி? மேலே இருந்த பதிவை வெட்டிவிட்டால் பொருள் எப்படி மாறுகிறது? முதலில் அனுப்பியவருக்கு எது தெரியும், பத்தாவது ஆளாக அனுப்பியவருக்கு எது தெரியாது? ஒரு பாடவேளை முழுவதும் போதாது.

பல சமூகத்துப் பிள்ளைகள் இருக்கும் கலப்பு வகுப்பில் இதையெல்லாம் எடுத்தால் புண்ணைக் கிளறியதாகும் என்று ஆசிரியர்கள் தயங்குவது நியாயம்தான். ஆனால் பிள்ளைகளின் போனில் இதைவிட மோசமானவை தினமும் வருகின்றன. அங்கே கேள்வி கேட்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இல்லை. தயக்கமிருந்தால் அருவாக்காட்டிலிருந்து தொடங்குங்கள்: கொழும்புக் குப்பையை அங்கே கொட்டுவதை எதிர்த்துப் புத்தளம் தெருவில் இறங்கிய நாட்களின் வீரகேசரியையும் லங்காதீபவையும் அருகருகே விரியுங்கள். யார் பேச இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பிள்ளைகளே எண்ணட்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை அன்று வகுப்பின் ஆசிரியர்.

நான் வாழும் ஒன்டாரியோ மாகாணம் 1987இலேயே உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்துக்குள் ஊடகக் கல்வியைக் கட்டாயமாக்கியது. கெட்டிக்காரர், மெல்லக் கற்பவர் எல்லோருக்கும் அது உரியது. என் மகளும் விளம்பரமொன்றைப் பிரித்துப் போட்டு, பணம் கொடுத்தவர் யாரென்று தேடிக்கொண்டு மேசையில் இருப்பாள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள்: இந்தப் பாடம் நம் பாடசாலையில் உண்டா, கற்பிக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா? இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனைக்குக் கூட்டாக எழுதுங்கள். வகுப்புக்கு வேண்டிய பத்திரிகைகளின் செலவை வெளிநாட்டிலிருக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.