'ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் விட முடியல?' கள்ளக்குறிச்சி எழுப்பிய கேள்வியும் மூளை சொல்லும் பதிலும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் அன்றாடக் கூலிகள். அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இதேபோல இறந்திருந்தனர். அதன் பிறகும் ஏன் குடித்தார்கள்? 'திமிரு', 'கொழுப்பு' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பதில் மூளையில் இருக்கிறது.

மூளையில் என்ன நடக்குது?

சாப்பாடு, பாராட்டு என எது சந்தோஷம் தந்தாலும் மூளையில் டோபமைன் சுரக்கும். 'இதை மறுபடியும் செய்' என்று கற்றுக்கொடுப்பது அதுதான். மது இந்தப் பாதையை வேகமாகத் தூண்டிவிடும். நாளடைவில் கடையைப் பார்த்தாலே, சாயங்காலம் ஆனாலே ஏக்கம் கிளம்பும். பசியே இல்லாமல் அளவுமீறிச் சாப்பிடும் கோளாறிலும் இதே பாதைக்குப் பங்கு உண்டு.

நடுக்கம் எதனால்?

மது, மூளையை அமைதிப்படுத்தும் 'காபா'வின் வேலையைக் கூட்டும். பரபரப்பாக்கும் 'குளூட்டமேட்'டை அடக்கும். தினமும் குடித்தால் மூளை இதற்கு எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பே வரலாம். 'ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்' என்பது வெறும் சாக்கு அல்ல. அந்தக் கட்டத்தில் கூலிக்காரர் கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதைத்தான் தேடுவார்.

மெத்தனால் ஏன் கொல்லுது?

மெத்தனால் தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். பாதிப்பு தெரிய பல மணி நேரம் ஆகலாம். அதனால் 'ஒண்ணும் ஆகலையே' என்று இன்னொரு பாக்கெட்டையும் பிரிக்கிறார்கள். கண் மங்கினால், வயிறு வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சட்டம் மட்டும் போதுமா?

கருணாபுரத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரை விதிக்கும் வகையில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது சென்னை உயர் நீதிமன்றம். கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு பல ஆண்டுகளாகவே நடக்கிறது.

இவை எல்லாம் விற்பவரைப் பிடிக்கும் வழிகள். குடிப்பவரின் மூளை அப்படியேதான் இருக்கிறது. அங்கே ஏக்கம் இருக்கும்வரை, ஒரு ஊறலை அழித்தால் இன்னொரு பாக்கெட் வரும்.

மீள முடியுமா?

முடியும். ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள், வைட்டமின் பி1, மனநல ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. ஆனால், தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்து 'இன்னையிலிருந்து விடு' என்பது ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். உதவிக்கு டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். வீட்டில் யாருக்காவது காலையிலேயே கை நடுங்கினால், திட்டுவதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள்.