திங்கட்கிழமை அலர்ஜி!

திங்கட்கிழமை காலை என்றாலே நமக்கெல்லாம் அலர்ஜி. மானேஜர் முகம், பெண்டிங் ஃபைல், ஓடாத ஃபேன். ஆனால், நிஜமாகவே திங்கட்கிழமை தோறும் தோல் அரிக்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள். கோவை கணபதியிலோ, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள்.

மெஷின் ஓடும்போது இரும்பின் மேல் வெள்ளையாக ஒன்று கொட்டிக்கொண்டே இருக்கும். பால் அல்ல, கூலன்ட்! எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று ஸ்கூலில் படித்தோமே, அந்த இரண்டுக்கும் கட்டாயக் கல்யாணம். சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய், மிச்சம் தண்ணீர். துருப்பிடிக்காமல் இருக்கவும், கிருமி வளராமல் இருக்கவும் சில கெமிக்கல்கள். போகப் போக இரும்புத் தூளும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறன்று மெஷின் லீவு. தொட்டி அசையாமல் கிடக்க, காற்றே வேண்டாத பாக்டீரியாக்களுக்கு ஏக குஷி. திங்கள் காலை ஸ்விட்சைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றம். மேல்நாட்டுத் தொழிற்சாலைகளில் இதற்குப் பெயரே 'திங்கட்கிழமை நாற்றம்'தான்.

நம் தோல் லேசான அமிலம். கூலன்ட் காரம். எட்டு மணி நேரம் அதில் நனைந்தால், தோலின் எண்ணெய்ப் பசை போய், விரலிடுக்கு சிவக்கும், வெடிக்கும், அரிக்கும். தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலில் பேன்ட் ஊறி ஒட்டிக்கொண்டால், மயிர்க்கால் அடைத்து, முகத்தில் வரவேண்டிய பரு தொடையில் வரும்!

நம்ம ஆள் என்ன செய்கிறார்? சாயங்காலம் பெட்ரோலில் கை கழுவுகிறார். மிச்சமிருந்த பசையும் காலி. அடுத்த ஸ்டாப், மெடிக்கல் ஷாப்.

"அண்ணே, படர்தாமரை மாதிரி இருக்கு. ஒரு ட்யூப் குடுங்க."

கிடைப்பது பல சமயம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ரெண்டு நாள் சொர்க்கம். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: லீவில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்பி வருகிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது பட்டறையைத்தான். தோல் டாக்டரிடம் போய், வேலை இன்னது என்று சொல்ல வேண்டும். வெறும் எரிச்சலா, அலர்ஜியா என்று பார்க்க முதுகில் குட்டிக் குட்டிப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். எரிச்சல் என்றால் விலகி இருந்தால் ஆறிவிடும். அலர்ஜி அநேகமாக ஆயுள் சந்தா. அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் போதும். பதினைந்து வருடம் பழகிய தொழிலையே விட நேரலாம்.

இன்னொன்று. 1922-ல் மான்செஸ்டர் டாக்டர்கள், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைப் பற்றி எழுதினார்கள். மெஷின் எண்ணெய் தினமும் பேன்ட்டில் ஊறியதுதான் காரணம். இன்றைய எண்ணெய்கள் நன்றாகச் சுத்திகரித்தவை, ஆபத்து குறைவு. அதற்காக, எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டை பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்ளலாமா?

'கிளவுஸ் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?' என்கிறீர்களா? சுற்றுகிற லேத்தில் கூடாது ஸார், கையோடு சேர்த்து இழுத்துவிடும்! தொட்டி கழுவும்போது, கூலன்ட் கலக்கும்போது போடலாம். மற்ற நேரம் தெறிப்பைத் தடுக்க மறைப்பு, அளந்து கலந்த கூலன்ட், சாதாரண சோப்பு, கழுவித் துடைத்ததும் கொஞ்சம் வாஸலின், தினமும் துவைத்த யூனிஃபார்ம். இவ்வளவுதான் வைத்தியம்.

முதலாளி கவனிக்க: வேலையால் வரும் தோல் அழற்சி சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பிடித்த சமாசாரம். 'சாதாரண சொறி' என்று சிரித்து ஒதுக்க முடியாது.

உங்கள் பைக் பிஸ்டனும் வீட்டு மோட்டார் பம்ப்பும் இந்தக் கைகளைத் தாண்டித்தான் வந்தன. சொந்தத்தில் லேத் ஓட்டுகிற அண்ணனோ மாமா பையனோ இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். கை துடைக்க அல்ல, படிக்க!