வயசு குறைந்த சர்ச்

சர்வீஸ் ரிஜிஸ்டரில் ரெண்டு வயசைக் குறைத்துப் போட்டுக்கொண்டு, ஜூனியர்கள் முறைக்க முறைக்க லேட்டாக ரிட்டயர் ஆகிற ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தடவையில் 200 வயசு குறைந்த கேஸ் தெரியுமா?

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடகிழக்கே எஸெக்ஸ் மாவட்டத்தில் கிரீன்ஸ்டெட் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஆங்கிலிக்கன்காரர்களின் செயின்ட் ஆண்ட்ரூ சர்ச். குட்டி சர்ச்தான். ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, உருண்டைப் பக்கம் வெளியே, தட்டைப் பக்கம் உள்ளே என்று வரிசையாக நிறுத்தினால் சுவர் ரெடி! 1960ல் சோதித்தவர்கள் 845ம் வருஷத்து மரம் என்றார்கள். 1995ல் மறுபடி சோதனை. மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணிப் பார்த்ததில், 1063க்கு முன்னால் வெட்டியிருக்கவே முடியாது என்று தீர்ப்பு. அப்படியும் ஆயிரத்தை நெருங்குகிற வயசு. அடிப்பக்கம் இற்றுப்போனதை மட்டும் 1848 வாக்கில் அறுத்துவிட்டு, செங்கல் மேடைமேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

என்னைக் கேட்டால், இந்த சர்ச்சின் பெருமை மரத்தில் இல்லை ஸார். 1839ல் அங்கே நடந்த ஒரு கல்யாணத்தில் இருக்கிறது.

மாப்பிள்ளை ஜேம்ஸ் பிரைன், பண்ணைக் கூலி. சொந்த ஊர் டார்செட் பக்கம் டால்படில். அங்கே வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7க்கு இறங்கி, அடுத்து 6தான் என்றார்கள் முதலாளிகள். பிரைன் உட்பட ஆறு பேர் சங்கம் சேர்த்தார்கள். சங்கம் வைப்பது அப்போதே சட்டப்படி சரிதான். விடுவார்களா? கடற்படைக் கலகத்தை அடக்க 1797ல் போட்ட சட்டத்தைத் தூசு தட்டி, 'ரகசியச் சத்தியம் செய்தார்கள்' என்று 1834ல் ஏழு வருஷத்துக்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. லண்டனில் பிரமாண்ட ஊர்வலம், மகஜர். 1836ல் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் ஐந்து பேருக்கு, ஊர் வசூல் செய்த பணத்தில் எஸெக்ஸில் குத்தகைப் பண்ணை. பிரைன், கூடவே தண்டனை அனுபவித்த தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை இந்த சர்ச்சில்தான் கைப்பிடித்தார். பிற்பாடு ஜாகை கனடாவுக்கு.

ஆக, சர்ச்சுக்கு 200 வயசைக் குறைத்தது விஞ்ஞானம். மாப்பிள்ளைக்குத் தண்டனையைக் குறைத்தது, முகம் தெரியாத ஜனங்கள்.

பக்கத்து சீட்டில் யூனியன் சந்தா கட்டாமல், இன்க்ரிமெண்ட்டை மட்டும் எண்ணி வாங்குகிற பார்ட்டி இருந்தால், இதைப் படிக்கக் கொடுங்கள்!