லோகோ மோட்டா கரா

புனே ஹடப்சரில் நாலு பேர் கொண்ட விளம்பர ஏஜென்சியில் சேர்ந்த நான் முதலில் கற்ற மராத்தி, ‘லோகோ மோட்டா கரா’. லோகோவைப் பெரிசாக்கு. குடி பாட்வாவுக்கு முந்தின வாரம் ராத்திரி பதினொன்றுக்கும் போனில் இதே மந்திரம். மராத்திப் புத்தாண்டான அந்த நாளில் ஃபிளாட் புக்கிங் ராசியாம். பில்டர்கள் எல்லோருக்கும் ‘சகாள்’ நாளிதழில் இடம் வேண்டும். எங்களில் வாசகம் எழுதுபவரே புரூஃப் பார்ப்பார், பில்லோடும் அலைவார். பெரிய ஏஜென்சியில் மூன்று வருடத்தில் கற்பதை இங்கே ஆறே மாதத்தில் கற்கலாம், அது உண்மை. கூலிதான் இடிக்கிறது. ஏஜென்சிக்குக் கிடைக்கும் பத்திரிகைக் கமிஷன் வழக்கமாக 15 சதவீதம்; அங்கீகாரம் இல்லாத சின்ன ஏஜென்சி அதையும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியோடு பங்கு போட வேண்டும். பாட்வா பணம் கைக்கு வர ஆடி பிறந்துவிடும்.