கப்பலில் யாருக்கு எந்த அறை?

கல்யாண வீட்டில் முப்பது பேர் தங்கினாலும் யார் எங்கே படுப்பது என்று நாம் பட்டியல் எழுதுவதில்லை. ஆண்களுக்கு மொட்டை மாடி, பெண்களுக்குக் கூடம், கைக்குழந்தைக்காரிக்கு உள் அறை. ஜமக்காளம் பற்றாவிட்டால் ஒரு பழைய புடவை. பொழுது விடிந்துவிடும். சகோதரிகளே, கப்பலில் இந்த வழக்கம் செல்லாது. அங்கே கூடமும் கிடையாது, திண்ணையும் கிடையாது. பதினாலு பேர் போனால் பதினாலு படுக்கைக்கும் முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் முடிந்த கையோடு குடும்பமாகக் கப்பலில் போய்வருவது நம் பக்கத்திலும் வந்துவிட்டது. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. நாங்கள் போனது சிங்கப்பூரில் ஏறி, பினாங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மூன்று இரவுப் பயணம். மாமனாருக்கு எண்பது நிறைந்ததற்காகப் பிள்ளைகள் சேர்ந்து ஏற்பாடு செய்தது. எங்கே சுற்றுவது, என்ன வாங்குவது என்பதெல்லாம் அரை மணியில் முடிந்தது. அறைப் பங்கீடு மட்டும் மூன்று வாரம் இழுத்தது!

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் அறைக் கட்டணம் இரண்டு பேர் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆள் என்றால் பெரும்பாலும் குறைவு. ஒருத்தர் தனியாக ஓர் அறை கேட்டால் ஏறக்குறைய இரண்டு பேர் பணம் கேட்பார்கள். அதனால் டிராவல்ஸ்காரர் என்ன செய்வார்? ஜோடிகளை முதலில் எழுதிவிட்டு, ஜோடியில்லாதவர்களை மிச்சமிருக்கிற இடத்தில் சொருகுவார். அந்த மிச்ச இடம் ரயிலில் வருகிற மாதிரி சுவரிலிருந்து இறக்கும் மேல் பெர்த்தாக இருக்கும். ஏறுவதற்கு ஒரு குட்டி ஏணி.

எங்களுக்கு வந்த முதல் பட்டியலில் நாலு அறை. அதில் மாமனார், மாமியார், என் பதினாலு வயது மகள், என் பெரிய நாத்தனார் ஆகிய நாலு பேரும் ஓர் அறையில். நாத்தனாருக்கு வயது ஐம்பத்தி நாலு. கணவரை இழந்து ஒன்பது வருஷமாகிறது. முழங்கால் வலி வேறு. கீழ்ப் படுக்கை இரண்டும் பெரியவர்களுக்கு என்றால், மேல் பெர்த் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டுமா?

அவரைக் கேட்டால், "எனக்கென்னம்மா, எங்கேயாவது ஒரு ஓரத்துல முடங்கிக்கறேன்" என்கிறார். இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! தனியாக இருக்கும் அக்கா, கல்யாணமாகாத சித்தி, வயதான பெரியம்மா, எல்லோரும் சொல்வதுதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. "அக்காவே ஒண்ணும் சொல்லலையே அண்ணி, நீங்க ஏன் கிளப்பறீங்க?" என்றார் என் கொழுந்தன். இன்னொரு யோசனையும் வந்தது. நாத்தனாரின் மகள், மாப்பிள்ளை, பத்து மாதக் குழந்தை இருக்கும் அறையில் அவரைப் போட்டால் ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொள்வாராம். பெற்ற மகள்தான், பேரன்தான். இருந்தாலும் மூன்று ராத்திரியும் ஆயா வேலைக்கா ஒரு மனுஷி கடல் தாண்டிப் போவது?

நான் பட்டியலைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். ஜோடியில்லாதவரை முதலில் எழுதினேன். "யாருக்கு உதவின்னு யோசிக்காம, உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க அக்கா" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "ஒரு ஜன்னல் இருந்தா நல்லாயிருக்கும். உம் பொண்ணு கூடப் படுத்துக்கட்டும், அவதான் குறட்டை விடமாட்டா." அவ்வளவுதான். இரண்டு கீழ்ப் படுக்கை, கடல் தெரியும் ஜன்னல். அந்த அறையை உறுதி செய்த பிறகே மற்றவற்றைத் தொட்டோம்.

நாலு அறை ஐந்தானது. கூடுதல் பணத்துக்கு என்ன வழி? நானும் என் கணவரும் பால்கனி அறையை விட்டுவிட்டு, ஜன்னலே இல்லாத உள்பக்க அறைக்கு மாறினோம். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. காலை எட்டு மணியா, நடுராத்திரியா தெரியாது. தூங்குவதற்கு அதைப்போல் சுகமில்லை. அப்படியும் விழுந்த மிச்சத்தை ஆண்கள் மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கொழுந்தன் இரண்டு நாள் பேசாமல் இருந்தார், பிறகு சரியாகிவிட்டது.

மாமனாருக்கு ராத்திரியில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். கப்பல் குளியலறையில் பல இடங்களில் வாசல்படி போல ஒரு மேடு இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் கால் தட்டும். ஆகவே என் பதினேழு வயது மகனை அந்த அறையின் மேல் பெர்த்தில் ஏற்றினோம். ஏணி ஏறுவது அவனுக்கு விளையாட்டு. எங்கள் அறை நேர் எதிரில். லிஃப்டுக்கு மிக அருகில் வேண்டாம், நாலைந்து கதவு தள்ளி இருந்தால் போதும். நடக்கவும் கிட்டம், பேச்சுச் சத்தமும் இராது.

குழந்தை இருக்கும் அறைக்கு, பக்கத்து அறையோடு நடுக்கதவு உள்ள இடத்தை நான் வேண்டாமென்பேன். அந்தக் கதவு வழியாகச் சத்தம் தாராளமாகப் போகும். தொட்டிலை முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக இருபத்தி நாலாவது வாரத்தோடு சரி. டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கொழுந்தன் குடும்பம் நாலு பேர், இரண்டு வால் பையன்கள். பால்கனி இல்லாத நாலு பெர்த் அறையே தங்களுக்கு நிம்மதி என்று என் ஓரகத்தி தானாகவே சொல்லிவிட்டாள். புத்திசாலி.

எந்தத் தளம் என்பதும் முக்கியம். பஸ்ஸில் கடைசி சீட்டு எப்படித் தூக்கிப் போடும், நடுவில் இரு சக்கரங்களுக்கு இடையே எப்படி ஆட்டம் குறைவு? கப்பலும் அதே போலத்தான். கீழ்த்தளம், நடுப்பகுதி என்றால் வாந்தி, தலைசுற்றல் குறையும். மேலே போகப் போக விலையும் கூடும், ஆட்டமும் கூடும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். ஆட்டம் பாட்டம் நடக்கும் அரங்குக்கு மேலே இருந்தால் பாதி ராத்திரி வரை தாளம்தான். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் உள்ள இடமாகப் பார்த்து வாங்குங்கள். டிராவல்ஸ்காரரிடம் தளப்படம் கேட்டால் தருவார்.

"இப்ப எப்படியோ பேர் போடட்டும், ஏறினப்புறம் நமக்குள்ள சாவியை மாத்திக்கலாம்" என்று எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் சொல்வார். வேண்டாம். ஆபத்து நேரத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை அறையை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். உங்கள் அட்டையில் அது அச்சாகியிருக்கும். 1912-இல் டைட்டானிக் கப்பலில் 2,200 பேருக்கு மேல் இருந்தும் உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். அதன் பிறகு வந்த விதிகளால்தான் இன்று ஒவ்வொருவருக்கும் இடம் எண்ணி வைக்கிறார்கள். நாலு பெர்த் அறையில் ஐந்தாவது ஆளைத் தரையில் படுக்க வைக்க விடாததும் இதனால்தான். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் காஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குமுன் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்புப் பயிற்சி நடத்தினால் போதும் என்றிருந்தது. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். ஆக, யார் எங்கே படுக்கிறார்களோ அந்தப் பெயரே அந்த அறையில் இருக்கட்டும். மாற்ற வேண்டுமானால் புறப்படும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் கூடும்படி அறைகள் ஒதுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு நாலு அறை ஒரே இடம், ஓர் அறை மட்டும் வேறு.

அறைக்கு ஒரு பிளாஸ்டிக் சொம்பு எடுத்துப் போங்கள், வாளி சொம்பு அங்கே கிடையாது. இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் தீ பயத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமானால் அறைப் பையனிடம் ஃபிளாஸ்கைக் கொடுத்தால் போதும். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி இருந்தால் ஈரத் துண்டு மாட்டலாம். நடையில் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் நான் ஐந்து கதவிலும் காந்தத்தில் ஒவ்வொரு நிறத்தில் ரிப்பன் மாட்டினேன். மாமனார் அறைக்கு மஞ்சள், நாத்தனார் அறைக்கு நீலம். மாமியார் முதல் நாளே எண்ணை மறந்துவிட்டு, ரிப்பனைப் பார்த்துத்தான் மூன்று நாளும் அறைக்குப் போனார்.