‘மோர் ஃபாஸ்டர்’னு சொன்னா சிரிக்கணுமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. மாக் ஜிடி நடக்கிற கிளாஸ்ல உட்கார்ந்திருந்தா இதைக் கவனிச்சிருப்பீங்க. யாராவது ‘திஸ் அல்காரிதம் ரன்ஸ் மோர் ஃபாஸ்டர்’னு சொன்னதும் பின்னாடி பெஞ்சுல ஒரு சிரிப்பு வரும். அதோட அவன் சொல்ல வந்த பாயின்ட் காலி. மீதி நேரம் முழுக்க வாயே திறக்க மாட்டான்.

எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன்ங்கிற முறையில சொல்றேன், அந்தச் சிரிப்புல நியாயமே இல்ல.

தமிழ்ல ‘பஸ்ஸை விட ட்ரெயின் வேகமா போகும்’னு சொல்றோம். ‘வேகமா’ங்கிற வார்த்தை மாறவே இல்ல. ஒப்பிடுற வேலையை ‘விட’ பார்த்துக்குது, அழுத்தம் வேணும்னா முன்னாடி ஒரு ‘இன்னும்’ போடுவோம். எந்த வினையடையா இருந்தாலும் இதே கதைதான். இங்கிலீஷ் அட்வெர்ப் அப்படி இல்ல. ஃபாஸ்ட், ஹார்ட் மாதிரி குட்டி வார்த்தைன்னா கடைசியில ‘அர்’ ஒட்டணும். கேர்ஃபுல்லி மாதிரி ‘லி’யில முடிஞ்சா முன்னாடி ‘மோர்’. ஏர்லியும் ‘லி’யிலதானே முடியுதுன்னா, அது மட்டும் ஏர்லியர். வெல் ஒரேயடியா பெட்டர் ஆயிடும், பேட்லி வொர்ஸ் ஆயிடும். ‘இன்னும் வேகமா’ன்னு மனசுல நினைக்கிறவன் வாயில ‘மோர்’ முந்திக்கிட்டு வர்றதுல என்ன ஆச்சரியம்?

ஷேக்ஸ்பியரே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்துல ஆன்டனி பேசுறப்போ ஒரே வார்த்தைக்கு முன்னாடி ‘மோஸ்ட்’, பின்னாடி ‘எஸ்ட்’ ரெண்டும் போட்டிருக்கார். (அது அட்ஜெக்டிவ்தான், ஆனா லாஜிக் ஒண்ணுதான்.) அந்தக் காலத்துல அது அழுத்தம். அப்புறம் வந்த இலக்கணக்காரங்க, 1762ல புத்தகம் போட்ட ராபர்ட் லௌத் மாதிரி ஆளுங்க, இதைத் தப்புன்னு எழுதி வெச்சாங்க.

அதுக்காக இன்டர்வியூல அப்படியே பேசுங்கன்னு சொல்லல. எதிர்ல இருக்கிறவங்க மார்க் போடுறாங்களே. ‘அர்’ வந்துட்டா ‘மோர்’ வேண்டாம், அழுத்தம் வேணும்னா ‘மச் ஃபாஸ்டர்’. ஜிடி முடிஞ்சதும் அவனைத் தனியா கூப்பிட்டு இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும்.

ஜிடி நடக்கிறப்போ அவன்கிட்ட கேளுங்க: எதை விட ஃபாஸ்ட், எவ்ளோ டேட்டாவுக்கு? கிராமர் சுத்தமா ‘மச் ஃபாஸ்டர்’னு அடிச்சு விடுறவங்களும் இதைச் சொல்லாமலே தப்பிச்சுடுறாங்க. தமிழ்ல ‘விட’ன்னு வாயைத் திறந்துட்டா, எதை விடன்னு சொல்லித்தான் ஆகணும்.