நின்று பேச இடம் உண்டா? நடைபாதை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சென்னைத் தெருக்களின் நடைபாதையில் கார், பைக் நிறுத்துவதை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் எதிர்க்கிறது. எங்கள் உறுப்பினர்களின் வண்டிகளுக்கும் இது பொருந்தும். இதற்கு விபத்துக் கணக்கு ஒன்றே போதும்: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஆனாலும் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணத்தையே நாங்கள் முன்வைக்கிறோம். அக்கம்பக்கத்துப் பழக்கம் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுவதால் வருவதல்ல. பால் வாங்கவும் துணியை இஸ்திரிக்குப் போடவும் போகிற வழியில் தானாக ஒட்டிக்கொள்வது. நடக்க முடியாத தெருவில் அது ஒட்ட வழியில்லை.

1960களின் இறுதியில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள்; 16,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9தான். அமைதியான தெருவில் குடும்பங்கள் அதிகம், நெரிசல் தெருவில் வாடகைக்கு இருந்தவர்கள் அதிகம். ஆகவே பழியெல்லாம் வண்டிகள் மேல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நெரிசல் தெருவாசிகள் வாசல் பக்கமே வராமல் வீட்டின் பின்புறத்துக்கு ஒதுங்கிப்போனதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். திண்ணையை இடித்து கிரில் கேட் போட்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை, தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்கிறது. தரையில் கிடைப்பது வேறு. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் பாதி அகலத்தை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஒரு ஸ்கூட்டர். அதைத் தாண்டினால், வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்குப் போட்ட சாய்தளம், முழங்கால் வலிக்காரரை ரோட்டுக்கே இறக்கிவிடும். பின்னால் ஹாரன் அடிக்கும்போது எதிரே வருபவரிடம் யார் நலம் விசாரிப்பார்கள்? எங்கள் அளவுகோல் எளிது: இரண்டு பேர் நின்று பேசவேண்டும், மூன்றாமவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்காமல் போகவேண்டும். 2014இலேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது. அதை நிறைவேற்றுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

நடப்பதற்குத்தான் பூங்கா இருக்கிறதே என்பார்கள். காதில் இயர்போனோடு பத்துச் சுற்று நடப்பது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் வேலையாகப் போகிறவர்தான் தெருவில் எல்லோர் கண்ணிலும் படுகிறார். வெயிலில் யார் நடப்பார் என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை மரம். வேரைச் சுற்றி சிமெண்ட் பூசாமல் விட்ட மரம். நடைபாதைக் கடைகளையும் அகற்றச் சொல்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. தெருவில் யார் புதிதாகக் குடிவந்தார், யார் வீட்டில் நான்கு நாளாகக் கதவு திறக்கவில்லை என்பது பூக்காரம்மாவுக்குத்தான் தெரியும். 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவருக்கு இடம் ஒதுக்கிவிட்டு நடக்கவும் வழிவிட முடியும்.

கடினமான ஆட்சேபம் பார்க்கிங்தான். பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது பக்கத்தில் பலஅடுக்கு வாகன நிறுத்துமிடமும் கட்டினார்கள். குடியிருப்புத் தெருவில் அதற்கு வாய்ப்பில்லை. சில வீட்டுக்காரர்களுக்கு இது உண்மையிலேயே சிரமம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பீரோ வைக்க இடமில்லை என்று யாரும் அதைத் தெருவில் வைப்பதில்லை. காருக்கு மட்டும் அந்தச் சலுகை எப்படி வந்தது? நடமாட முடியாதவர்களின் வண்டிக்கு வாசலோரம் சாலையில் இடம் குறித்துக் கொடுப்பதை ஆதரிக்கிறோம். நடைபாதையை மறிக்கும் சாய்தளங்களை அகற்றும் வேலை எங்கள் நிர்வாகிகளின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும். அதற்கான சம்மதக் கடிதங்களை இந்த அறிக்கையோடு வார்டு அலுவலகத்தில் கொடுக்கிறோம்.